ஆற்றில் கிடைத்த காசும் கூரியரில் வந்த காசும்

கேள்வி: வணக்கம் மேடம். கரூரில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பழைய ரோமானிய, கிரேக்கக் காசுகள் சேர்ப்பதில் ஆர்வம். பெரிய விலை கொடுக்க வசதியில்லை. இங்கிலாந்து, ஜெர்மனி வியாபாரிகளிடம் ஆன்லைனில் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் செப்புக் காசுகளாகப் பார்த்து வாங்குவேன். சமீபத்தில் மனதைத் திடப்படுத்திக்கொண்டு ரோமானியப் பேரரசர் திபேரியஸின் வெள்ளிக் காசு ஒன்று வாங்கினேன். படம் இணைத்திருக்கிறேன். அது போலி என்று நண்பர்கள் சொல்கிறார்கள். விற்றவர், "திருப்பி அனுப்புங்கள், பணத்தைத் தருகிறேன்" என்கிறார். வேறொரு பார்சல் சுங்கத்தில் நிற்கிறது. அனுப்பியவர் அதன் மேல் 'நினைவுப் பொருள்' என்று எழுதிவிட்டாராம். இதற்கிடையே, அமராவதி ஆற்று மணலைச் சலித்துக் காசு எடுப்பவர் ஒருவரிடம் ஐந்து சின்னச் செப்புக் காசுகள் வாங்கியிருக்கிறேன். என்னிடம் இரண்டிரண்டாக இருப்பவற்றை ஃபேஸ்புக்கில் விற்கலாமா? சிங்கப்பூரில் ஒருவர் கேட்கிறார். "நூறு வருடம் தாண்டிய காசை வீட்டில் வைத்திருப்பதே குற்றம்" என்று அலுவலகத்தில் பயமுறுத்துகிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். பழைய காசை வைத்திருப்பது குற்றமில்லை. 1972ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம், நூறு ஆண்டுக்குக் குறையாத காசு எதையும் 'தொல்பொருள்' என்கிறது. உங்கள் அலுவலக நண்பர்கள் அந்த வரியைப் பாதி கேட்டிருப்பார்கள். தொல்பொருள் என்பதால் அதை வைத்திருக்கக்கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. சிலைகள், ஓவியங்கள், ஓவியம் உள்ள சுவடிகள் போன்ற சில வகைகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று அரசு அறிவித்திருக்கிறது. காசுகள் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் நீங்கள் முறையாக வாங்கி வரவழைத்த காசுகளைப் பதிவு செய்யாமல் வைத்திருப்பதில் தவறில்லை.

அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு வேறு விஷயம். தொல்பொருளை நாட்டை விட்டு வெளியே அனுப்பும் அதிகாரம் மத்திய அரசுக்கும் அது நியமித்த அமைப்புக்கும் மட்டும்தான். மீறினால் 25ஆம் பிரிவின்படி குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. இந்தியாவில் செய்த பொருள், வெளிநாட்டில் செய்த பொருள் என்று இந்தப் பிரிவு பிரித்துப் பார்ப்பதில்லை. லண்டனிலிருந்து போன வருடம் வந்த, ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைனின் காசும் இங்கே வந்து சேர்ந்த பிறகு தொல்பொருள்தான். எனவே சிங்கப்பூர் நண்பருக்கு ஒன்றும் அனுப்பாதீர்கள். உறவினர் பையில் வைத்துக் கொடுத்து விடலாம் என்ற யோசனையும் வேண்டாம். விமான நிலையத்தில் மாட்டினால் பாதிக்கப்படுவது அந்த உறவினர்.

திபேரியஸ் காசுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். காசின் விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று ஓடுகிறது. எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கிறது, பரப்பில் குண்டூசி முனை அளவுக்குக் குழிகள். இவை அச்சில் வார்த்த போலியின் அடையாளங்கள். அசல் தினாரியஸ், அதாவது இந்த ரோமானிய வெள்ளிக் காசு, வார்க்கப்பட்டதல்ல, வெள்ளித் தட்டை அச்சுக்கு நடுவே வைத்துச் சுத்தியால் அடித்தது. அதில் இப்படிக் கோடு வராது. ஒருபக்கம் திபேரியஸ் தலை, மறுபக்கம் அமர்ந்த பெண் உருவம் கொண்ட இந்தக் காசைத்தான் விவிலியத்தில் 'சீசருடையதைச் சீசருக்கு' என்று இயேசு சொன்ன காசாகப் பலரும் கருதுகிறார்கள். அதனால் உலகம் முழுக்க இதற்குக் கிராக்கி. போலிகளும் அதே அளவுக்குச் சுற்றுகின்றன. கோவை வெள்ளலூரில் கிடைத்த குவியல்களிலும் அகஸ்டஸ், திபேரியஸ் வெள்ளிக் காசுகள்தான் மிகுதி. எழும்பூர் அருங்காட்சியகத்தில் அசலைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள். அதற்குச் செலவும் அதிகமில்லை.

போலி என்றால் அது தொல்பொருளே அல்ல, திருப்பி அனுப்பலாம். ஆனால் போலி என்று நீங்கள் சொன்னால் சுங்கம் ஏற்காது. இந்தியத் தொல்லியல் துறையின் நிபுணர் குழுவிடம் காட்டி, 'தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழ் வாங்கிய பிறகே அனுப்ப வேண்டும். பத்தாயிரம் ரூபாய்க் காசுக்கு இவ்வளவு அலைச்சலா என்று தோன்றினால், முதலில் விற்றவருக்கு இந்தியச் சட்டத்தை விளக்கி எழுதுங்கள். விளிம்பின் நெருக்கமான படங்களையும் எடையையும் அனுப்பி, காசைத் திருப்பாமலே பணம் கேளுங்கள். பெயர் பெற்ற வியாபாரிகள் பலர் தங்கள் காசு அசல்தான் என்று காலவரையில்லாத உத்தரவாதம் தருவார்கள். உங்கள் இன்வாய்ஸில் அந்த வாசகம் இருக்கிறதா பாருங்கள். மறுத்தால் வங்கியில் கார்டு பரிவர்த்தனையை எதிர்த்துப் புகார் கொடுங்கள். அதற்குக் கெடு உண்டு, தள்ளிப் போடாதீர்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் கரூர் மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். ஆனால் தீர்ப்பு வந்தாலும் வெளிநாட்டில் இருப்பவரிடம் பணத்தை வசூலிப்பது கடினம் என்பதால், வங்கி வழியைத்தான் முதலில் சொல்வேன்.

சுங்கத்தில் நிற்கும் பார்சலைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். 'நினைவுப் பொருள்', 'உலோக வட்டு', 'பரிசு' என்று எழுதி விலையையும் குறைத்துப் போடுவதை வியாபாரிகள் உதவி என்று நினைத்துச் செய்கிறார்கள். சுங்கச் சட்டம் 111(எம்) பிரிவின்படி, விவரமோ விலையோ உண்மையோடு பொருந்தாத சரக்கைப் பறிமுதல் செய்யலாம். மிச்சமாவது சில நூறு ரூபாய் வரி, போவது காசு. இப்போது நீங்களே முந்திக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது பழைய ரோமானியச் செப்புக் காசு, வாங்கிய விலை இவ்வளவு, அனுப்பியவர் தவறாக எழுதியது எனக்கு முன்பே தெரியாது, உரிய வரியைக் கட்டத் தயார் என்று கடிதம் எழுதி, இன்வாய்ஸ், பணம் கட்டிய ஆதாரம், வியாபாரியின் விற்பனைப் பக்கத்தின் படம் மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். 'தெரியாது' என்பது உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். அப்படி எழுதச் சொன்னதே நீங்கள் என்றால், என்னைப் போன்ற வழக்கறிஞர் ஒருவரை நேரில் பார்த்துவிட்டு எழுதுங்கள். நோட்டீஸ் கொடுத்து உங்கள் தரப்பைக் கேட்காமல் பறிமுதல் செய்ய முடியாது. கைப்பற்றினால் ஆறு மாதத்துக்குள் நோட்டீஸ் தர வேண்டும். அதிகாரி காரணம் எழுதி அதை இன்னொரு ஆறு மாதம் நீட்டலாம்.

இனி அந்த ஐந்து காசு. உங்கள் கடிதத்தில் அதை இரண்டே வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு அதிகக் கவலை அதில்தான்.

1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடக்கும் மதிப்புள்ள எதுவும் அதன்படி புதையல். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால், கண்டெடுத்தவர் என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில் என்று கலெக்டருக்கு எழுத்தில் தெரிவித்து, பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், இல்லையென்றால் அதற்கு ஜாமீன் தர வேண்டும். தெரிவிக்காவிட்டால் 20ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அதில் அவருக்கு வரவேண்டிய பங்கும் அரசுக்குப் போய்விடும். ஆற்றில் சிதறிக் கிடப்பது 'மறைத்து வைத்த' புதையல் ஆகுமா என்று நீதிமன்றத்தில் வாதாட இடமிருக்கிறது. ஆனால் ஆற்றுப்படுகை அரசு நிலம், எடுத்தவருக்கு அங்கே எந்த உரிமையும் இல்லை. அந்த வாதத்தை நம்பி என் கட்சிக்காரரை நான் வீட்டில் காசு வைத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன்.

கண்டெடுத்தவர் நீங்கள் அல்ல என்பது சரி. ஆனால் உரிமையே இல்லாதவரிடம் வாங்கிய பொருளுக்கு உங்களுக்கும் உரிமை வராது. எங்கிருந்து வந்தது என்று தெரிந்தே வாங்கியிருக்கிறீர்கள். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு, திருட்டுச் சொத்து என்று தெரிந்து நேர்மையற்ற நோக்கத்தோடு வாங்கி வைத்திருப்பவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை விதிக்கிறது. போலீஸ் அந்தப் பிரிவைப் போட நினைத்தால் போடலாம். அதில் 'நேர்மையற்ற நோக்கம்' நிரூபிக்கப்பட வேண்டும். யாரும் கேட்பதற்கு முன் நீங்களாக ஒப்படைத்தால் அந்த நோக்கம் இருந்தது என்று சொல்வது கடினமாகிவிடும். உங்களுக்கு இருக்கும் மிகப் பெரிய பாதுகாப்பு அதுதான்.

இதில் சட்டத்தைத் தாண்டியும் எனக்கு அக்கறை உண்டு. சேரர் தலைநகரான வஞ்சி கரூர்தான் என்று பலரும் கருதுகிறார்கள். அமராவதிப் படுகையில் சேரர் காசுகளோடு ரோமானியக் காசுகளும், கிரேக்கக் காசுகளும்கூடக் கிடைத்திருக்கின்றன. நாணயவியல் அறிஞர் ரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றைத் தேடித் திரட்டிப் பதிப்பித்ததால்தான் நமக்கு இவ்வளவாவது தெரியும். உங்கள் படத்தில் உள்ள ஐந்தில் ஒன்று ஓரளவு நன்றாக இருக்கிறது. ஒருபக்கம் முத்து நாடா கட்டிய அரசன் தலை, மறுபக்கம் ஈட்டி பிடித்த இரண்டு வீரர்கள், நடுவே படைக்கொடி. கான்ஸ்டன்டைன் குடும்பத்துக் காசு, கி.பி. 4ஆம் நூற்றாண்டு. வீரர்கள் நிற்கும் கோட்டுக்குக் கீழே காசு அடித்த அக்கசாலையின் பெயரைச் சுருக்கி எழுதியிருப்பார்கள். எஸ், எம், ஏ, என் என்று படிக்க முடிந்தால், இன்றைய துருக்கியில் இருக்கும் பழைய நகரமான அந்தியோக்கியாவில் அடித்தது. அங்கிருந்து இந்த ஆற்றங்கரை வரை யார் கையில் வந்தது, இங்கே எதற்குச் செலவானது என்ற கேள்விகளுக்கு, கிடைத்த இடம் தெரிந்தால்தான் பதில் தேட முடியும்.

அதே வகைக் காசை நீங்கள் லண்டனிலிருந்தும் வாங்கி வைத்திருப்பீர்கள். மலிவாகக் கிடைக்கும் ரோமானியக் காசுகளில் மிகச் சாதாரணமான வகை அது. இரண்டையும் ஒரே ஆல்பத்தில் போட்டுவிட்டால் எது எங்கிருந்து வந்தது என்று பிறகு உங்களுக்கே தெரியாது. ஆராய்ச்சிக்கு நஷ்டம் என்பது ஒருபுறம். நாளைக்குப் போலீஸோ தொல்லியல் துறையோ வந்து ஆல்பத்தைத் திறந்தால், கரூர்க்காரர் வீட்டில் ரோமானியக் காசு என்றதும் அத்தனையும் ஆற்றில் எடுத்தது என்றுதான் முதலில் நினைப்பார்கள். சென்னையிலோ மும்பையிலோ இருக்கும் சேகரிப்பாளருக்கு இந்தத் தொல்லை குறைவு. உங்களுக்கு ஒவ்வொரு காசுக்கும் காகிதம் வேண்டும். இன்வாய்ஸ், சுங்க ரசீது, கூரியர் உறை, வாங்கியபோது எடுத்த படம், எடை. ஒவ்வொரு காசுக்கும் தனி உறை போட்டு, அதன் எண்ணை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

வெளிநாட்டு வியாபாரியிடமும், முன்பு யாருடைய சேகரிப்பில் இருந்தது, எந்த ஆண்டு ஏலத்தில் வாங்கியது என்று கேட்டு இன்வாய்ஸில் எழுதி வாங்குங்கள். இங்கிலாந்தில் மண்ணில் எடுத்த ஒற்றைக் காசு பொதுவாக 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்துக்குள் வராது. முந்நூறு ஆண்டு தாண்டிய தங்க, வெள்ளிக் காசுகள் ஒரே இடத்தில் இரண்டோ அதற்கு மேலோ, செப்பு போன்ற மற்றக் காசுகள் என்றால் பத்தோ அதற்கு மேலோ கிடைத்தால்தான் பதினான்கு நாளுக்குள் அறிவிக்க வேண்டும். அதனால் அங்கே சட்டப்படியான சந்தை இருக்கிறது. துருக்கியில் கதையே வேறு. மண்ணுக்குள் இருப்பது அரசின் சொத்து. இடிபாடுகளைச் சுற்றிப் பார்க்கப் போகும் இடத்தில் ஒரு பையன் கையில் காசைத் திணித்தால் வாங்கிவிடாதீர்கள். அதை நாட்டை விட்டு எடுத்து வருவதற்கு அந்நாட்டு 2863ஆம் எண் சட்டத்தில் ஐந்து முதல் பன்னிரண்டு ஆண்டு வரை சிறை.

ஃபேஸ்புக் விற்பனைக்கு வருகிறேன். தொல்பொருள் விற்பதைத் தொழிலாகச் செய்ய, முதலில் சொன்ன 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி உரிமம் வேண்டும். எப்போதாவது இன்னொரு சேகரிப்பாளருக்கு ஒன்றிரண்டைக் கொடுப்பதைத் தொழில் என்று சொல்ல முடியாது. வாராவாரம் படம் போட்டு, விலை எழுதி, 'மெசேஜ் செய்யவும்' என்றால் அது தொழில்தான். ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ உண்டு, காசும் போகும். இந்தியாவுக்குள் இருப்பவருக்கு மட்டும், இன்வாய்ஸ் நகலோடு கொடுங்கள். அப்புறம், தொல்பொருள் சேகரிப்பை வருமான வரிச் சட்டம் சொந்த உபயோகப் பொருளாகக் கருதாது என்பதால், லாபம் வந்தால் கணக்கில் காட்ட வேண்டும். அது உங்கள் துறை, சொல்லித் தர வேண்டியதில்லை.

இப்போது செய்ய வேண்டியது. சுங்கத்துக்கான கடிதம் இந்த வாரமே போகட்டும். அமராவதிக் காசுகளைக் கழுவாதீர்கள், எலுமிச்சைச் சாறு, அமிலம் எதுவும் வேண்டாம். இருபுறமும் படமெடுத்து எடை குறித்துக்கொள்ளுங்கள். விற்றவரிடம் எந்த இடத்தில், ஏறக்குறைய எப்போது எடுத்தார் என்று கேளுங்கள். அவரை மாட்டிவிட அல்ல. கூடவே வந்து அவரும் கையெழுத்துப் போட்டால் அவருக்கும் அது நல்லது. மணல் சலித்துப் பிழைப்பவருக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரிந்திருக்காது என்பதைக் கடிதத்திலேயே எழுதலாம். உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் வரைவைக் காட்டிவிட்டு, கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள். நகல் ஒன்றைக் கரூர் அரசு அருங்காட்சியகத்துக்கும் கொடுங்கள். பணம் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். அரசு புதையலை எடுத்துக்கொள்ளும்போது தருவது உலோகத்தின் விலையும் அதில் ஐந்தில் ஒரு பங்கும்தான், அதுவும் உரிமை உள்ளவருக்கு. செப்புக்கு அது ஒன்றுமே இல்லை. நீங்கள் கொடுத்த விலை போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் 'கிடைத்த இடம்' என்று ஒரு தனிப் பத்தி போட்டு, படித்துறை, பாலம், அருகில் உள்ள ஊர் என்று தெரிந்ததையெல்லாம் அதில் எழுதுங்கள்.