பி.எஃப். நியமனத்தில் மாமியார் பெயர் இருந்தால் மனைவிக்கு ஓய்வூதியம் கிடைக்குமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தனியார் நிறுவனத்தில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்த என் கணவர், நான்கு மாதங்களுக்கு முன் வீட்டில் மாரடைப்பால் காலமானார். எங்களுக்குச் சிறு வயதில் ஒரு மகளும் ஒரு மகனும் இருக்கிறார்கள். வேலையில் சேர்ந்தபோது, அதாவது திருமணத்துக்கு முன்பு, அவர் பி.எஃப். நியமனத்தில் (நாமினி படிவத்தில்) தன் தாயாரின் பெயரை எழுதியிருக்கிறார், பிறகு மாற்றவில்லை. அதனால் எல்லாப் பணமும் தங்களுக்கே என்கிறார்கள் கணவர் வீட்டார். வாரிசுச் சான்றிதழும் அனைவரின் சம்மதமும் இல்லாமல் எந்தப் படிவமும் அனுப்ப முடியாது என்கிறார்கள் நிறுவனத்தில். நான் என்ன செய்வது? – வாசகி, வில்லிவாக்கம்.

பதில்: எல்லாப் பணத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதுதான் உங்கள் வீட்டிலும் நிறுவனத்திலும் நடந்துகொண்டிருக்கிறது. உண்மையில் உங்கள் கணவரின் பி.எஃப். கணக்கை ஒட்டி மூன்று தனித்தனி உரிமைகள் இருக்கின்றன: மாத ஓய்வூதியம், சேர்ந்திருக்கும் வைப்பு நிதி (பி.எஃப். சேமிப்பு), காப்பீட்டுத் தொகை. இவற்றில் முதலாவதற்கும் நியமனத்துக்கும் உங்கள் விஷயத்தில் தொடர்பே இல்லை.

1995ஆம் ஆண்டு நவம்பர் 16 முதல் நடைமுறையில் உள்ள ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தின்படி, உறுப்பினர் பணியில் இருக்கும்போது இறந்தால், அவர் ஒரு மாதச் சந்தா மட்டுமே செலுத்தியிருந்தாலும், அவருடைய மனைவிக்கு ஓய்வூதியம் உண்டு. பத்தாண்டுச் சேவை வேண்டும் என்று யாராவது சொன்னால், அது உயிரோடு இருக்கும் உறுப்பினருக்கான விதி என்று பதில் சொல்லுங்கள். மனைவியோ குழந்தைகளோ இருக்கும்போது இந்த ஓய்வூதியம் அவர்களுக்குத்தான் செல்லும். நியமனதாரர் என்ற முறையில் மாமியார் இதைக் கோர முடியாது. எனவே சொத்துப் பேச்சு முடியட்டும் என்று காத்திராமல், 10-டி படிவத்தை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். இறந்த நாளுக்கு மறுநாளிலிருந்தே கணக்கிட்டுத் தருவார்கள் என்பதால், கடந்துபோன நான்கு மாதங்களும் வீணாகாது.

தொகை எவ்வளவு என்பது கணவரின் சம்பளத்தைப் பொறுத்தது. இறந்த அன்றே அவர் ஓய்வு பெற்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய ஓய்வூதியம், திட்டத்தின் 'சி' அட்டவணையில் அவர் சம்பளத்துக்கு எதிரே உள்ள தொகை, குறைந்தபட்சத் தொகையான ரூ.1,000 ஆகிய மூன்றில் எது அதிகமோ அது உங்களுக்குக் கிடைக்கும். 2014 செப்டம்பரில் நிர்ணயித்த அந்த ஆயிரம் ரூபாயை வைத்துச் சென்னையில் ஒரு வீட்டின் மளிகைக் கணக்கைக்கூட முடிக்க முடியாது என்பது வேறு விஷயம். இதோடு ஒவ்வொரு குழந்தைக்கும் உங்கள் ஓய்வூதியத்தில் 25 சதவீதம், குறைந்தது ரூ.250, அவர்களின் 25 வயது வரை தனியாக வரும். உங்களுக்கு ரூ.2,000 என்று நிர்ணயித்தால், மகளுக்கு ரூ.500, மகனுக்கு ரூ.500 என்று சேர்த்து மாதம் ரூ.3,000 ஆகும். ஒரே நேரத்தில் இரு குழந்தைகளுக்குத்தான் இது உண்டு. உங்களுக்கு இருவர் என்பதால் சிக்கல் இல்லை. நீங்கள் மறுமணம் செய்துகொண்டால் உங்கள் பங்கு நின்றுவிடும். ஆனால் குழந்தைகளின் பங்கு நிற்காது, பெற்றோரை இழந்த குழந்தைக்கான கூடுதல் விகிதத்துக்கு உயரும். இதை அறியாமல், குழந்தைகளின் பணம் போய்விடும் என்று அஞ்சி வாழ்க்கையை முடக்கிக்கொள்பவர்கள் இருப்பதால் இங்கே குறிப்பிடுகிறேன்.

இனி வைப்பு நிதிக்கு வருவோம். இங்கேதான் மாமியாரின் பெயர் கேள்வியாகிறது. குடும்பம் இல்லாத நிலையில் ஓர் உறுப்பினர் செய்யும் நியமனம், பின்னாளில் அவருக்குக் குடும்பம் அமைந்ததும் தானாகவே செல்லாததாகிவிடும். நியமனப் படிவத்திலேயே அவர் அப்படி உறுதிமொழி தருகிறார். ஆனால் உறுப்பினரைச் சார்ந்து வாழும் தாயாரும் பி.எஃப். விதிகளில் குடும்பம் என்ற வரையறைக்குள் வருவார். ஆகவே, உங்கள் கணவர் அன்றைக்குத் தாயாரைத் தம்மைச் சார்ந்தவர் என்று எழுதினாரா, குடும்பமே இல்லை என்று எழுதினாரா என்பதைப் பார்த்தாக வேண்டும். நியமனப் படிவத்தின் நகலை எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். அது செல்லாது என்றானால், நிதி குடும்ப உறுப்பினர்களுக்குச் சம பங்காகப் பிரியும்: நீங்கள், இரு குழந்தைகள், அவரைச் சார்ந்திருந்தால் மாமியாரும். அதாவது மாமியாருக்கு முழுவதும் இல்லை, ஒன்றுமே இல்லை என்பதும் இல்லை. இந்தத் தொகைக்கு 20ஆம் எண் படிவம்.

காப்பீட்டுத் தொகையும் வைப்பு நிதி செல்லும் வழியிலேயே செல்லும்; படிவம் 5-ஐ.எஃப். கடைசி 12 மாதச் சராசரிச் சம்பளத்தை, அதிகபட்சம் ரூ.15,000 என்று கொண்டு, 35 மடங்காக்கி, அதோடு வைப்பு நிதியின் சராசரி இருப்பில் பாதியை, ரூ.1.75 லட்சத்துக்கு மிகாமல் சேர்ப்பார்கள். உச்ச வரம்பு ரூ.7 லட்சம். தொடர்ந்து 12 மாதங்கள் பணியில் இருந்தவர் என்றால் ரூ.2.5 லட்சத்துக்குக் குறையாது. பெரிய தொகை இதுதான் என்பதால் உறவினர்களின் கண்ணும் இதில்தான் இருக்கும். இந்நிலையில், 'குடும்ப ஒற்றுமைக்காக' என்று யாராவது முத்திரைத்தாளில் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொண்டு வந்தால், கையெழுத்திடாதீர்கள். உங்கள் பங்கை நீங்கள் விட்டுக்கொடுக்கலாம். குழந்தைகளின் பங்கை உங்கள் விருப்பப்படி விட்டுக்கொடுக்க இயலாது.

வாரிசுச் சான்றிதழை எப்படியும் வாங்கி வையுங்கள். வங்கிக் கணக்கு முதல் இருசக்கர வாகனம் வரை அதைக் கேட்பார்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வட்டாட்சியர் விசாரித்து வழங்குவார். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் இறந்தவரின் தாயாரும் முதல் வகுப்பு வாரிசு என்பதால் அவர் பெயரை விட்டுவிட்டு விண்ணப்பிக்காதீர்கள். ஆட்சேபணை வந்தால் பெற்ற சான்றிதழும் ரத்தாகும். ஆனால் ஓய்வூதிய விண்ணப்பம் இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இறப்புச் சான்றிதழ் (மாநகராட்சி இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது), ஆதார், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், புகைப்படங்கள், உங்கள் பெயரிலும் குழந்தைகள் பெயரிலும் வங்கிக் கணக்குகள் ஆகியவை இருந்தால் போதும். நம் ஊரில் விண்ணப்பங்கள் அதிகம் திரும்புவது தலைப்பெழுத்தால்தான். பி.எஃப். பதிவில் தந்தை பெயர் முழுதாக விரிந்திருக்கும், ஆதாரில் ஒற்றை எழுத்து இருக்கும், இறப்புச் சான்றிதழில் அதுவும் இருக்காது. மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்து, வேறுபாட்டைச் சமர்ப்பிக்கும் முன்பே திருத்திவிடுங்கள்.

நிறுவனம் சான்றொப்பமிட மறுத்தால், அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர், சட்டமன்ற உறுப்பினர், வங்கி மேலாளர் போன்றோரிடம் பெற்று நேரடியாகவே பி.எஃப். அலுவலகத்தில் கொடுக்கலாம். எந்த அலுவலகம் என்பதை உங்கள் வீட்டு முகவரி தீர்மானிப்பதில்லை, நிறுவனத்தின் குறியீட்டு எண் தீர்மானிக்கிறது. சம்பளச் சீட்டில் அந்த எண்ணின் தொடக்க எழுத்துகளில் ஏ.எம்.பி. என்றிருந்தால் அம்பத்தூர், எம்.ஏ.எஸ். என்றிருந்தால் ராயப்பேட்டை.

நிறுவனமே தர வேண்டிய பணிக்கொடை (கிராஜுவிட்டி) தனி. ஐந்தாண்டு நிறைவு என்ற நிபந்தனை மரணத்துக்குப் பொருந்தாது. உங்கள் கணவருக்கோ எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன.

கேள்வி: மறைந்த என் கணவர் வாடகை ஆட்டோ ஓட்டியவர், பி.எஃப். எதுவும் இல்லை. 8 வயது மகன் இருக்கிறான். எனக்கு என்ன கிடைக்கும்? – வாசகி, தண்டையார்பேட்டை.

பதில்: முதலில் அவருடைய வங்கிப் புத்தகத்தில் மே, ஜூன் மாதப் பக்கங்களைப் பாருங்கள். ரூ.436 பிடித்திருந்தால் பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு இருக்கிறது. எந்தக் காரணத்தால் இறந்திருந்தாலும் ரூ.2 லட்சம். ரூ.20 பிடித்திருந்தால் அது விபத்துக்கு மட்டுமான காப்பீடு. தாமதிக்காமல் அந்த வங்கிக் கிளையிலேயே கோருங்கள். ஓட்டுநர் நலவாரிய அட்டை இருந்து, அது புதுப்பிக்கப்பட்டும் இருந்தால், தொழிலாளர் அலுவலகத்தில் இயற்கை மரண உதவியும் ஈமச்சடங்கு உதவியும் கேட்கலாம்.

மாநில அரசின் ஆதரவற்ற விதவை உதவித்தொகை 2023 ஆகஸ்டிலிருந்து மாதம் ரூ.1,200. இ-சேவை வழியாக விண்ணப்பித்தால் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் விசாரித்து முடிவு செய்வார். பலருக்கும் தெரியாதது மகனுக்கான உதவி: மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவாக, பள்ளியில் படிக்கும் குழந்தைக்கு மாதம் ரூ.4,000 வரும். நகர்ப்புறத்தில் குடும்ப ஆண்டு வருமானம் ரூ.96,000க்கு மிகக் கூடாது. வருமானச் சான்றிதழுடன் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனுக் கொடுங்கள். குழு ஒப்புதல் தர வேண்டும் என்பதால் உறுதியான வரவாக இப்போதே கணக்கில் எழுதிவிட வேண்டாம்.

கேள்வி: தாம்பரம் ஏற்றுமதி வளாகத்தில் வேலை செய்த என் மனைவி இறந்துவிட்டார். ஆண்களுக்கு இந்த ஓய்வூதியம் உண்டா? – வாசகர், பல்லாவரம்.

பதில்: உண்டு. ஊழியர் ஓய்வூதியத் திட்டம் மனைவியை இழந்தவருக்கும் அதே விகிதத்தில், அதே 10-டி படிவத்தில் தருகிறது. குழந்தைகளின் 25 சதவீதமும் அப்படியே. ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று தர வேண்டும். கொடுத்த நாளிலிருந்து 12 மாதங்கள் அது செல்லும் என்பதால், நவம்பர் மாத வரிசையில் நிற்க வேண்டிய அவசியமில்லை.