வாகனக் கேள்வி பதில்: கால் வைத்ததும் திணறும் கார்

கேள்வி: என்னுடையது 2003ஆம் ஆண்டு கொரோலா 121. 1.5 லீட்டர் பெற்றோல், ஓட்டோ கியர். சந்தியில் நின்று எடுக்கும்போதும், முந்துவதற்கு எக்ஸிலேட்டரை அழுத்தும்போதும் ஒரு கணம் திணறிவிட்டுத்தான் இழுக்கிறது. செக் லைட் எரியவில்லை. பெற்றோல் பம்பை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றட்டுமா?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பம்ப் வலுக் குறைந்தால் எஞ்சின் விடாமல் நிறையப் பெற்றோல் கேட்கும் இடத்தில்தான் முதலில் காட்டும். பிபிலை தாண்டி லுணுகலைப் பக்கம் ஏறிப் பாருங்கள், போகப்போக இழுவை விழும். கல்முனை வீதி தட்டை வீதி. அதில் கால் வைத்த கணத்தில் மட்டும் திணறினால் காற்றுப் பக்கத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

எயார் பில்டர் பெட்டியிலிருந்து திறொட்டில் (எஞ்சினுக்குள் காற்றை விடும் வால்வு) வரை போகும் மடிப்பு றப்பர் குழாயைக் கழற்றி, ஒவ்வொரு மடிப்பையும் வளைத்துப் பாருங்கள். அழுத்தும்போது எஞ்சின் அசையும். அப்போது வெடிப்பு வாய் திறந்து, எயார் புளோ சென்சர் அளக்காத காற்று உள்ளே போகும். அதற்கேற்பப் பெற்றோல் அதிகரிக்காது. எஞ்சின் மவுண்ட் போயிருந்தால் அசைவு இன்னும் கூடும். பில்டரையும் பாருங்கள், வேளாண்மை வெட்டுக் காலத்தில் தூசும் பதரும் அடைத்துவிடும். எயார் புளோ சென்சரை அதற்கென்றே விற்கும் ஸ்பிரேயால் மட்டும் கழுவி, நன்றாகக் காயவிட்டுப் பூட்டுங்கள். அதன் கம்பியில் விரலோ துணியோ படக்கூடாது.

பிறகு ஸ்கேனரில் பியூவல் ட்ரிம், அதாவது எஞ்சின் கொம்பியூட்டர் பெற்றோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்று பாருங்கள். (மலிவான புளூடூத் ஸ்கேனர்கள் பழைய ஜப்பான் கார்கள் சிலவற்றில் இணையாது.) கூட்டல் குறைத்தல் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. ஐடிலில் (கால் வைக்காமல் எஞ்சின் ஓடும்போது) +15, +20 என்று நின்று, 2,500 ஆர்பிஎம்மில் இறங்கினால் எங்கோ காற்று இழுக்கிறது. ஐடிலில் சரியாக இருந்து பாரத்தில் ஏறினால் சென்சர் அல்லது பெற்றோல் அழுத்தம். அப்போதுதான் பெற்றோல் அழுத்தம் அளக்கும் கேஜ் போட வேண்டும்: இந்த எஞ்சினுக்கு 44 முதல் 50 பிஎஸ்ஐ. அழுத்தும்போதும் அது விழாமல் நின்றால் பம்ப் குற்றவாளியில்லை. செக் லைட் எரியாததை நம்பவேண்டாம். பிழை ஓர் எல்லையைத் தாண்டும்வரை அது எரியாது.

ட்ரிம் சரியாக இருந்தும் திணறினால் பிளக்கைக் கழற்றுங்கள். இடைவெளி 1.1 மில்லிமீற்றரைத் தாண்டித் தேய்ந்திருந்தால் நான்கையும் மாற்றுங்கள். பிளக் குழியில் ஒயில் நின்றால் டப்பட் கவர் கஸ்கட்டையும் சேர்த்து மாற்றவேண்டும். ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் அடித்தால் அதன் கொயிலை (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கும் பகுதி) அடுத்த சிலிண்டரில் போட்டுப் பாருங்கள். மிஸ்ஸும் கூடவே போனால் கொயில்தான்.

கேள்வி: இழுவை குறைந்த காருக்கு 95 ஒக்டேன் அடித்தால் சரியாகுமா?
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: 92 போதும் என்று வடிவமைத்த எஞ்சினுக்கு 95 அடிப்பதால் இழுவை கூடாது. அழுத்தும்போது எஞ்சினில் கடகடவென்று தட்டும் சத்தம் கேட்டால் மட்டும் ஒரு டாங்க் அடித்துப் பாருங்கள். சத்தம் நின்றாலும் கரி படிவையும் எஞ்சின் சூட்டையும் பார்க்க வேண்டும்.