அரிதான புரதத்தை ஒற்றைச் செல்லில் அளக்கத் தங்கத் துகள் தேவையா?

புரதங்களை ஒளியால் அடையாளம் காட்டும் ஒளிர்சாயங்கள் இருக்கும்போது ஒற்றைச் செல் ஆய்வில் உலோக நானோ துகள்களை ஏன் ஒட்டுகிறார்கள், முதுநிலை ஆய்வுக்கு அது உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தண்டையார்பேட்டையிலிருந்து தினமும் ஆய்வகம் சென்று இதே வேலையைச் செய்பவன் என்பதால் எழுதுகிறேன்.

சாயங்களின் ஒளி அகன்ற பட்டையாகப் பரவுவதால், எண்ணிக்கை கூடக்கூட ஒன்றன் ஒளி மற்றொன்றின்மேல் படிகிறது. 2009இல் டொரான்டோ பல்கலைக்கழகக் குழுவினர் வெளியிட்ட முறையில், லாந்தனைடு எனும் அருமண் உலோகங்கள் கோத்த எதிர்ப்பொருள்களை (குறிப்பிட்ட ஒரு புரதத்தைத் தேடி ஒட்டும் மூலக்கூறுகளை) ஒட்டிய செல்களை ஒவ்வொன்றாக ஆர்கான் பிளாஸ்மா எனும் மிகச் சூடான வாயுவில் எரித்து, அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து எண்ணுகிறார்கள். அங்கே இந்தக் கலப்பு மிகக் குறைவு. ஆனால் ஓர் எதிர்ப்பொருள் சுமக்கும் உலோக அணுக்கள் நூற்றுக்கணக்கில்தான் இருக்கும் என்பதால், செல்லில் அரிதாக உள்ள புரதத்தின் குறிகை (கருவியில் பதியும் சைகை) பின்னணியில் மறைந்துவிடும். லாந்தனைடுக்குப் பதிலாக எதிர்ப்பொருளோடு இணைக்கும் 20 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரே தங்கத் துகளிலோ ஏறக்குறைய 2,50,000 அணுக்கள் உள்ளன.

இந்த வலிமையே ஆபத்தும் ஆகும். விட்டம் 10 விழுக்காடு கூடினால் அணுக்கள் 33 விழுக்காடு கூடும். ஆகவே குறிகையின் அளவைப் புரதத்தின் எண்ணிக்கையாக அப்படியே கொள்ளக் கூடாது. துகள் எதிர்ப்பொருளைவிடப் பெரியது என்பதால், ஒரு புரதத்தில் அமர்ந்ததும் பக்கத்திலுள்ளதை மறைத்துவிடவும் கூடும்.

சௌகார்பேட்டையில் நகை வேலை செய்யும் என் பெரியப்பா, நான் காட்டிய சிவப்புக் கரைசலைத் தங்கம் என்று நம்பவே இல்லை. அந்தச் சிவப்புதான் எனக்கு வழிகாட்டி. எதிர்ப்பொருள் துகளை முழுமையாகப் போர்த்தாவிட்டால், உப்புக் கரைசலைச் சொட்டியவுடன் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, குப்பி கண்முன்னே ஊதாவாக மாறும். அதைப் பொருட்படுத்தாமல் ஒருமுறை செல்களில் சேர்த்துவிட்டேன். ஒட்டிய கட்டிகள், புரதம் மிகுந்த செல்களைப் போலவே உச்சங்களைக் காட்டி, மூன்று வார வேலையை வீணாக்கின.

எனவே மிகுதியாக உள்ள புரதங்களுக்கு லாந்தனைடே போதும்; தங்கத்தை அரிதான ஒரே புரதத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். துகள்கள் புரதம் இல்லாமலே செல்லில் எவ்வளவு ஒட்டுகின்றன என்று அறிய, செல்லோடு தொடர்பில்லாத எதிர்ப்பொருளைப் போர்த்திய அதே அளவுத் துகளையும் தனியே ஒரு மாதிரியில் சேர்த்து ஓட்டுங்கள். கடைசியாகக் கழுவிய நீரில் தங்கம் மிச்சமிருக்கிறதா என்றும் பாருங்கள். அளந்த செல்கள் பிளாஸ்மாவில் அழிந்துவிடும் என்பதால், அவற்றை உயிரோடு பிரித்தெடுத்து வளர்ப்பது உங்கள் திட்டமானால் ஒளிர்சாயத்தையே தேர்ந்தெடுங்கள்.