இரண்டு பக்கமும் கமிஷன், நடுவில் 7 லட்சம்: புரோக்கர் செய்வது சரியா?

கேள்வி: கொருக்குப்பேட்டையில் ஒரு பழைய தனி வீட்டை 68 லட்சத்துக்குப் பேசியிருக்கிறோம். டோக்கன் அட்வான்ஸ் 1 லட்சத்தைப் புரோக்கருக்கு கூகுள் பேயில் அனுப்பிவிட்டோம். கமிஷன் 2 சதவீதம் என்றார், ஒப்புக்கொண்டோம். வீட்டுக்காரரிடமும் 2 சதவீதம் வாங்குகிறார் என்பது இப்போதுதான் தெரிகிறது. அதைவிட, வீட்டுக்காரர் சொன்ன விலையே 61 லட்சம்தானாம். கேட்டால், “அது எங்க மார்ஜின்” என்கிறார். அடுத்த வாரம் அக்ரிமென்ட். கமிஷன் தர மறுக்கலாமா? அவரை விட்டுவிட்டு வீட்டுக்காரரிடம் நேரே முடிக்கலாமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குவதை மட்டும் வைத்து அவரைக் குற்றம் சொல்ல முடியாது. வாங்குபவர், விற்பவர் இருவருக்கும் தெரிந்து, இருவரும் சம்மதித்திருந்தால் அது செல்லும். இங்கே சிக்கல் அந்த 7 லட்சம். உங்களிடம் ஒரு விலை, வீட்டுக்காரரிடம் ஒரு விலை சொல்லி, இருவரையும் சந்திக்கவிடாமல் வைத்திருப்பது வேறு விஷயம்.

முதலில் வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “புரோக்கருக்கு ஏதாவது கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்களா?” பதில் மூன்று விதமாக வரலாம்.

எதிலும் கையெழுத்துப் போடவில்லை, வாய்ப்பேச்சாக “ஆள் இருந்தால் கூட்டி வாருங்கள்” என்றுதான் சொன்னார் என்றால், புரோக்கர் வீட்டுக்காரரின் ஏஜென்ட். உங்களிடமும் கமிஷன் பேசி, உங்களுக்காக விலை பேசுவதாகச் சொல்லியிருப்பதால் உங்களுக்கும் ஏஜென்ட். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 216-இன்படி, அமர்த்தியவருக்குத் தெரியாமல் ஏஜென்ட் தன் சொந்தக் கணக்கில் சம்பாதித்த லாபத்தை அமர்த்தியவரே கேட்டு வாங்கலாம். பிரிவு 220 இன்னும் நேரடியானது: முறைகேடாக நடத்திய வேலைக்குக் கூலி கேட்க ஏஜென்டுக்கு உரிமை இல்லை. 68 லட்சத்துக்கு 2 சதவீதம் 1,36,000 ரூபாய். அதைத் தர மறுக்க உங்களுக்கு இருக்கும் பிடி இந்தப் பிரிவுதான்.

புரோக்கருக்கு பவர் (தன் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதிக் கொடுத்திருந்தால் அந்தப் பத்திரத்தைப் பாருங்கள். விற்கும் அதிகாரம் இருக்கிறதா, பதிவு செய்யப்பட்டதா, ரத்தாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். பவர் வைத்திருந்தாலும் அவர் ஏஜென்ட்தான். வரும் பணம் முழுவதற்கும் வீட்டுக்காரரிடம் கணக்குக் காட்டியாக வேண்டும்.

மூன்றாவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வீட்டுக்காரரிடம் 61 லட்சத்துக்குப் புரோக்கரே தன் பெயரில் மூன்று மாத அக்ரிமென்ட் போட்டுக்கொண்டு, அதற்குள் 68-க்கு ஆள் பிடிப்பது. அப்படியானால் அவர் தரகரே இல்லை, வாங்கி விற்கும் வியாபாரி. 7 லட்சம் அவர் லாபம் என்று வாதிட இடமுண்டு. ஆனால் அதை மறைத்து உங்களிடம் கமிஷனும் கேட்பது முடியாது. ஒன்று லாபம், இல்லை கமிஷன். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். பதிவாகியிருந்தால் வில்லங்கச் சான்றில் வரும். பதியாமல் வைத்திருந்தால் வராது. அதனால் அந்த அக்ரிமென்டை ரத்து செய்து எழுதி வாங்காமல் நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள்.

சொல்லாமல் கொள்ளாமல் அவரை வெட்டிவிட்டு நேரே முடிப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வீட்டைக் காட்டியவர் அவர். “நான் சேர்த்து வைத்த வியாபாரம்தான் இது” என்று கமிஷனுக்கு வழக்குப் போட வழி கிடைக்கும். முதலில் ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். நாலு வரி போதும்: நீங்கள் சொன்ன விலை 68, விற்பவர் சொன்ன விலை 61, இந்த வித்தியாசத்தை எங்களிடம் மறைத்தீர்கள், 7 நாளில் எழுத்தில் விளக்கம் தாருங்கள், டோக்கன் பணத்தை விற்பவரிடம் சேர்த்த ரசீதையும் தாருங்கள். பெரும்பாலும் இதோடு பேச்சுக்கு வந்துவிடுவார். வந்தால், உண்மை விலையில் கமிஷன் என்று பேசி முடிப்பதுதான் கோர்ட்டு வாசலை விட மலிவு. 61 லட்சத்துக்கு 2 சதவீதம் 1,22,000. அதுவும் கிரயம் முடிந்த பிறகே. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலை முடியும்வரை கூலி பாக்கி ஆகாது என்பது பிரிவு 219.

இனி வரப்போகும் யோசனைக்குத் தயாராக இருங்கள்: “பத்திரத்தில் 61 போடலாம், மீதி 7 கேஷா கொடுங்க, உங்களுக்கு ஸ்டாம்ப் செலவு மிச்சம்.” முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதத்தில் 63,000 ரூபாய் மிச்சம் என்று கணக்குக் காட்டுவார். அந்த 63 ஆயிரத்துக்காக 7 லட்சத்தைச் சாட்சியில்லாமல் கொடுக்கிறீர்கள். கிரயம் நின்றுபோனால் அந்தப் பணத்தைக் கேட்க ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. வீடு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ முன்பணத்தை ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு வருமான வரித் துறை அதே அளவு அபராதம் போடலாம் என்பதை வீட்டுக்காரருக்கும் சொல்லி வையுங்கள்.

வடசென்னைக்கே உரிய ஒன்று. தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் கோயில் மனையில் கட்டிய வீடுகளும், அரசு வீட்டு வாரியம் ஒதுக்கி இன்னும் கிரயப் பத்திரம் தராத வீடுகளும் விற்பனைக்கு வருகின்றன. இரண்டு பக்கமும் பணம் வாங்குபவர் இதைத் தானாக உங்களிடம் சொல்ல மாட்டார், வியாபாரம் கலைந்துவிடும். இந்து சமய அறநிலையத் துறை ஆணையர் அனுமதி இல்லாமல் கோயில் மனையை விற்றால் அந்தக் கிரயம் செல்லாது. வில்லங்கம் சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதி அடையாமல் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை வாங்கி, மனை யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். விற்பவர் கோயிலுக்கு மனை வாடகை கட்டுகிறாரா என்றும் கேளுங்கள். லீகல் பார்க்கும் வக்கீலை நீங்களே தேடிப் பிடியுங்கள். புரோக்கர் கூட்டி வருபவர் வேண்டாம்.

‘ரெரா’ எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் செய்யலாமா என்று பலர் கேட்பார்கள். பழைய தனி வீட்டு மறுவிற்பனைக்கு அது பொருந்தாது. பில்டர் கட்டும் பதிவு செய்த திட்டத்தில் வீடு விற்கும் ஏஜென்ட் என்றால்தான் அங்கே போக முடியும். உங்களுக்கு உள்ள வழி சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம், அல்லது சிவில் கோர்ட். ஆணையத்துக்கு 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

போலீஸ் புகாருக்கு அவசரப்பட வேண்டாம். விலை வித்தியாசத்தை மட்டும் சொன்னால் “சிவில் மேட்டர்” என்று திருப்பி அனுப்புவார்கள். டோக்கன் 1 லட்சத்தை வீட்டுக்காரரிடம் சேர்க்கவில்லை, திருப்பியும் தரவில்லை என்றால் கதை வேறு. நம்பிக்கை மோசடிக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 316 இருக்கிறது. அதற்காக கூகுள் பே பதிவையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல், அதே போனில் அப்படியே வைத்திருங்கள். மின்னணு ஆதாரத்தைக் கோர்ட்டில் வைக்கும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் பிரிவு 63 சான்றிதழ் கேட்பார்கள்; போனை மாற்றிவிட்டால் அதை வாங்குவது சிரமம்.