தஹாபில் கொசு: சுருளை விட்டுவிடுங்கள்

எகிப்தின் சினாய் தீபகற்பத்திலுள்ள கடலோர ஊரான தஹாபில், விடுதி மாடியில் கொசுவர்த்திச் சுருள் கொளுத்தியும் கொசு கடிக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். சுருளை விட்டுவிடுங்கள், செங்கடல் காற்றில் புகை எங்கே நிற்கும். 20 சதவீத பிகாரிடின் (தோலில் தடவும் கொசு விரட்டி) வாங்கிக் கை கால்களில் தடவிக்கொண்டு, டேபிள் ஃபேனைக் கணுக்கால் பக்கம் திருப்பி வையுங்கள்.

மழை அரிதான சினாயில் கொசு எப்படி என்றும் கேட்டீர்கள். பெரும்பாலும் உங்கள் விடுதிக்குள்ளிருந்துதான்: ஏசி தண்ணீர் சொட்டும் வாளி, மூடாத தொட்டி, பேரீச்சை மரத்தடியில் தேங்கும் நீர். டார்ச் அடித்துப் பாருங்கள், புழு நெளிந்தால் கொட்டிவிடுங்கள். வெயில் காலத்தில் முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும்.

பிகாரிடினுக்குப் பதில் டீட் (DEET) என்ற கொசு விரட்டியை வாங்கினால், அது டைவிங் மாஸ்க்கில் படக்கூடாது, பிளாஸ்டிக்கைக் கெடுத்துவிடும். அப்புறம், 2017இல் எகிப்தின் செங்கடலோரக் குசைரில் டெங்கு பரவியிருக்கிறது, அதனால் காய்ச்சல் வந்தால் இபுப்ரூஃபன் போடாமல் நேரே டாக்டரிடம் போங்கள்.