பெடல், கிட்டார், முப்பது நொடிப் பதிவு: கேள்வி பதில்

கேள்வி: டிஸ்டார்ஷன் பெடலை (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும், காலால் இயக்கும் பெட்டி) நேராக ஆடியோ இன்டர்ஃபேஸில் (கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் கருவி) செருகிப் பதிவு செய்தால், தேனீக் கூட்டம் இரைவது போல் கேட்கிறது. பெடல் மட்டமா?

பெடல்மேல் பழி போடாதீர்கள். ஆம்பில் கேட்டுப் பழகிய ஒலியில் ஸ்பீக்கருக்குப் பெரும் பங்கு உண்டு. கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். நேராகச் செருகும்போது அந்த வடிகட்டி இல்லாததால் கூர்முனைகள் எல்லாம் காதைக் கீறுகின்றன. ஸ்பீக்கர் பெட்டியைப் போலச் செய்யும் கேபினெட் சிமுலேட்டர் பெடலோ, கணினியில் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் (ஸ்பீக்கரின் ஒலித்தன்மையைப் பதிந்த கோப்பு) ஏற்றும் இலவச மென்பொருளோ போதும். இரண்டும் இல்லையென்றால் ஈக்வலைசரில் 5,000க்கு மேல் வெட்டிப் பாருங்கள். முழுத் தீர்வு அல்ல, ஆனால் இரைச்சல் அடங்கும்.

கேள்வி: பெடல்களை எந்த வரிசையில் வைப்பது? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

ஃபஸ் (முரட்டுக் கரகரப்பு), ஓவர்டிரைவ் (மென்மையான கரகரப்பு), கோரஸ் (பல கிட்டார்கள் சேர்ந்தது போன்ற ஒலி), டிலே (எதிரொலி), ரிவெர்ப் (அறையின் முழக்கம்) என்பது பழகிய வரிசை. அதில் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று, ஃபஸ் கிட்டாருக்கு அடுத்தே இருக்க வேண்டும் என்பது. பழைய பாணி ஃபஸ்களின் உள்ளீட்டு மின்மறுப்பு மிகக் குறைவு; கிட்டாரின் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) அந்தச் சுற்றின் ஓர் உறுப்பாகவே ஆகிவிடும். நடுவில் பஃபர் (சிக்னலை வலுப்படுத்தும் சுற்று) உள்ள பெடல் புகுந்தால், வால்யூம் குமிழைக் குறைத்து ஒலியைத் தெளியவைக்கும் அழகு போய்விடும்.

மற்றவற்றைத் தாராளமாகக் கலைத்துப் போடுங்கள். டிலேயை ஓவர்டிரைவுக்கு முன்னால் வைத்து ஒற்றை ஸ்வரங்களாக வாசியுங்கள். முதல் எதிரொலி கரகரக்கும். அடுத்தடுத்தவை ஒலி குறையக் குறையத் தெளிந்துகொண்டே போகும். கார்டு (பல ஸ்வரங்கள் ஒன்றாக) வாசித்தால் மட்டும் சேறாகிவிடும்.

கேள்வி: இரண்டு ஓவர்டிரைவ்களை ஒப்பிட்டேன். புதிதாக வாங்கியதே நன்றாக இருக்கிறது. என் காதை நம்பலாமா?

இரண்டின் ஒலி அளவையும் சமமாக வைத்தீர்களா? சற்றே உரக்கக் கேட்பதைக் காது மேலானது என்று எடுத்துக்கொள்ளும். பதிவுகளின் அளவைச் சமன் செய்துவிட்டு, எது எதுவென்று தெரியாமல் கேளுங்கள். பல "அபார வித்தியாசங்கள்" அங்கேயே ஆவியாகிவிடும். லூப்பர் (வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கும் பெடல்) இருந்தால் அதை வரிசையின் தொடக்கத்தில் வைத்து, ஒரு துணுக்கை ஒருமுறை வாசித்துச் சுழலவிட்டு, குமிழ்களை மட்டும் திருப்புங்கள். வாசிப்பு மாறாதபோதுதான் பெடல் செய்யும் வேலை தனியாகக் கேட்கும். பிடித்த நிலையில் குமிழ்களை ஒரு புகைப்படம் எடுத்துவையுங்கள்.

கேள்வி: பெடலோடு பதிவு செய்வதா, வெறும் கிட்டாரைப் பதிவு செய்து பிறகு சேர்ப்பதா?

வாசிக்கும் கையை மாற்றும் பெடல் என்றால் அதோடு சேர்த்தே பதியுங்கள். ஃபஸ், வா (காலால் அசைக்க அசைக்க ஒலியை ‘வா-வா’ என்று மாற்றும் பெடல்), தாளத்தோடு பின்னும் டிலே ஆகியவை இந்த வகை. டிலே இல்லாமல் வாசித்த வாசிப்பில் அதற்கான இடைவெளியே இருக்காது. ரிவெர்ப், கோரஸ் போன்றவற்றைப் பிறகு பூசிக்கொள்ளலாம்.

பதிந்த வெறும் ஒலியைப் பெடலுக்குத் திருப்பி அனுப்பவும் வழி உண்டு. ஆனால் இன்டர்ஃபேஸின் வெளியீடு கிட்டாரைவிடப் பலமானது. ரீஆம்ப் பெட்டி (அந்த வெளியீட்டைக் கிட்டாரின் அளவுக்கு இறக்கும் கருவி) வழியாக அனுப்புங்கள். இல்லையேல் அளவை நன்றாகக் குறைத்துத் தொடங்குங்கள்.

கேள்வி: டிலே நேரத்தைத் தாளத்தோடு பொருத்துவது எப்படி?

60,000ஐ நிமிடத்துக்கான தட்டு எண்ணிக்கையால் வகுங்கள். 120 என்றால் ஒரு தட்டு 500 மில்லிசெகண்ட். அதில் முக்கால் பங்கான 375ஐ வைத்து, சீரான அரைத்தட்டுகளாக வாசித்தால் எதிரொலிகள் உங்கள் ஸ்வரங்களுக்கு இடையில் விழும். இரண்டு பேர் வாசிப்பது போலிருக்கும்.

கேள்வி: நான்கு பெடல்களுக்கு ஒரே அடாப்டர். "ஙொய்" என்ற ஒலி நிற்கவில்லை.

பெரும்பாலும் டிஜிட்டல் பெடலின் இரைச்சல் பொதுவான மின்கம்பி வழியாக மற்றவற்றுக்குள் நுழைகிறது. அதை மட்டும் தனி அடாப்டரில் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட், நடுமுனை எதிர்மின் கொண்டவை. சில பழைய ஜெர்மானியம் ஃபஸ்களில் இது தலைகீழ். அவற்றை மற்றவற்றோடு ஒரே கம்பியில் கோக்கவே கூடாது.

கேள்வி: கிட்டார் போலவே ஒலிக்காத ஒரு சின்னப் பதிவு செய்ய ஆசை. எங்கே தொடங்குவது?

பழைய ஆசைதான். 1962இல் வந்த மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன், கிட்டாரைப் பித்தளை ஊதுகருவிகள் போல ஒலிக்கவைக்கும் என்றே விளம்பரப்படுத்தப்பட்டது. ஃபஸ்ஸில் ஒற்றை ஸ்வரங்களை, கழுத்துப் பக்க பிக்கப்பில், டோனை முழுக்கக் குறைத்து வாசியுங்கள்.

அடுத்து, பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே அனலாக் டிலேயின் நேரக் குமிழைத் திருப்புங்கள். உள்ளே தேங்கியிருக்கும் எதிரொலிகளின் சுருதி வழுக்கி ஏறும், இறங்கும். ரிபீட் குமிழை உச்சத்துக்குக் கொண்டுபோனால் பெடல் தானே ஊளையிடத் தொடங்கி, நிறுத்தும்வரை பெருகிக்கொண்டே போகும். அதற்கு முன் ஹெட்ஃபோன் ஒலியைக் குறைத்துவிடுங்கள். ஒரு கை குமிழிலேயே இருக்கட்டும்.