ஆட்டோகேட் வரைபடத்தில் சதுர மீட்டருக்கான மேலொட்டு 2-ஐயும், வேதிக் குறியீட்டுக்கான கீழொட்டு 2-ஐயும் எழுதுவது எப்படி?

முதலில், எழுத்தை எம்டெக்ஸ்ட் (பல வரி எழுத்து) கட்டளையில் எழுதியிருக்கிறீர்களா, ஒற்றை வரி டெக்ஸ்டிலா என்று பாருங்கள். வழி அதைப் பொறுத்தே மாறும்.

எம்டெக்ஸ்ட் என்றால் கவலையில்லை. புதிய பதிப்புகளின் எடிட்டரில் இரண்டுக்கும் தனிப் பொத்தான்களே இருக்கின்றன. பழைய பதிப்பில் ^ குறிதான் துணை. 'மீ2^' என்று தட்டி, '2^' என்பதை மட்டும் தேர்ந்தெடுத்து, வலச் சொடுக்கில் ஸ்டாக் (எழுத்தை மேலும் கீழுமாக அடுக்கும் வசதி) கொடுத்தால் 2 மேலே ஏறிவிடும். கீழே இறக்க '^2' என்று குறியை முன்னால் போடுங்கள். ஒட்டெழுத்தின் அளவு இயல்பாக 70 சதவீதம். சிறிய அளவில் அச்சிடும்போது அது கண்ணுக்கே தெரியாது. ஸ்டாக் பண்புகளில் கூட்டிக்கொள்ளலாம்.

ஒற்றை வரி டெக்ஸ்டில் ஸ்டாக் வசதியே கிடையாது. விண்டோஸில் ஆல்ட் விசையை அழுத்தியபடி எண்பலகையில் 0178 தட்டினால் ² வரும், 0179-க்கு ³. அதற்குப் பதில் கேள்விக்குறி தெரிந்தால் எழுத்துருவில் அந்த வடிவம் இல்லை என்று பொருள். எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். கீழொட்டுக்கு மட்டும் எம்டெக்ஸ்டையே நாடுங்கள், வீண் மல்லுக்கட்டு வேண்டாம்.

இன்னொன்று: ஸ்டாக் செய்த எம்டெக்ஸ்டை எக்ஸ்ப்ளோடு கட்டளையால் துண்டுகளாக உடைக்காதீர்கள். அந்தக் குட்டி 2 தனித் துண்டாகப் பிரிந்துவிடும். வரியை நகர்த்தும்போது அது பழைய இடத்திலேயே நின்றுவிடும்.